எளிய வாழ்வும் நிறைந்த மனமும்

(எமது மன்றத்தின் ஆண்டு விழாவிலே பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

எளிய வாழ்விலே மனநிறைவு காண்பது பற்றிப் பேசுமாறு மன்றச் செயலாளர் என்னைப் பணித்தார். பொருள் நல்ல பொருள்தான். ஆனால் அதை எடுத்துப் பேசத் தகுதி வாய்ந்தவன் யார்? "போதும்" என்று சொல்வதற்கு ஒருவன் முதலில் ஏதேனும் பெற்றிருத்தல் வேண்டும். இன்னும் ஒரு சதமும் உழைத்தறியாத மாணவன் "போதும்" என்றால், பந்தியில் இன்னும் அமராதவன் "வயிறு நிறைந்தது" என்று சொல்வது போலன்றோ இருக்கும்?

இரண்டாவது தயக்கம் இதனினும் பெரிது. மனநிறைவைப் பற்றி உலகிலே அதிகம் பேசியவர்கள் யார் என்று பாருங்கள். வயிறு நிறைந்தவர்களே வயிறு நிறையாதவர்களைப் பார்த்துப் பெரும்பாலும் பேசியிருக்கிறார்கள். தோணியும் வலையும் தனதாக வைத்திருப்பவன், கூலிக்கு வலை இழுப்பவனைப் பார்த்து, "கிடைத்ததைக் கொண்டு திருப்திப்படு" என்று சொன்னால் அதற்கு அறவுரை என்று பெயரில்லை. கணக்கை மூடும் தந்திரம் என்றுதான் பெயர். ஆகவே இன்று நான் பேசப் போவது அந்தத் திருப்தியைப் பற்றியன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன்.

நாம் வாழும் இடத்தை முதலில் நோக்குவோம். நம் கல்குடாக் கடற்கரையும் அதனையடுத்த பாசிக்குடாவும் உலகத்தார் தேடிவரும் கரைகள். நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவு நீர்தான் என்று பிற ஊரார் வியக்கும் கடல் அது. 2009ஆம் ஆண்டிலே போர் ஓய்ந்தது. அதன் பின்னர் அக்கரையிலே பெரிய உல்லாச விடுதிகள் வரிசையாக எழுந்தன. மாலையிலே வலை காய வைத்துவிட்டு வீடு திரும்பும் ஒருவர், அந்த விடுதிகளின் விளக்கு வரிசையைக் கடந்தே வருகின்றார். அவருடைய மகன் அந்த விடுதி ஒன்றிலே பரிமாறுபவனாக இருக்கின்றான். தந்தை பிடித்த மீன் எந்த மேசைக்குப் போகின்றது, என்ன விலைக்குப் போகின்றது என்பது மகனுக்குத் தெரியும். செல்வத்தையும் எளிமையையும் இவ்வளவு நெருக்கமாக, ஒரே மணலிலே வைத்துப் பார்க்கும் ஊர்கள் நம் மாகாணத்திலே பல இல்லை.

இருப்பினும் உண்மையைச் சொல்லுங்கள், விடுதியிலே தங்க வரும் வெளிநாட்டாரைக் கண்டு நம்மில் யாராவது பொறாமைப்படுகின்றோமா? பெரும்பாலும் இல்லை. அவர் வேறு உலகத்தவர். பொறாமை எங்கே பிறக்கின்றது? அடுத்த வளவிலே பிறக்கின்றது. நம்மோடு ஒரே வாங்கிலிருந்து படித்தவன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் மாடி எழும்பும்போது பிறக்கின்றது. மச்சாள் வீட்டுச் சாமத்தியச் சடங்குக்குப் பல்லக்கு வந்தது என்று கேட்டபோது பிறக்கின்றது. அரசனைக் கண்டு ஆண்டி பொறாமைப்படுவதில்லை. ஓர் ஆண்டி தன்னைவிட நல்ல ஓடு வைத்திருக்கும் இன்னோர் ஆண்டியைக் கண்டே பொறாமைப்படுகின்றான்.

முன்னாளிலே இந்த ஒப்பீட்டுக்கு ஓர் எல்லை இருந்தது. வேலிக்கு அப்பால் எட்டிப் பார்த்தால் தெரிவது ஒரு வீடு, இரண்டு வீடு. இன்றோ கைத்தொலைபேசி என்னும் சிறு கண்ணாடியிலே ஆயிரம் வேலிகளுக்கு அப்பால் பார்க்கின்றோம். அதிலே மற்றவர்களுடைய திருநாட்கள் மட்டுமே தெரிகின்றன. கடன்காரன் வாசலில் வந்து நின்ற காலையை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. மற்றவனுடைய விழாவை நம்முடைய சாதாரண நாளோடு ஒப்பிட்டு, "நமக்கு ஒன்றுமில்லையே" என்று ஏங்குகின்றோம்.

இந்த ஏக்கத்துக்கு விலை உண்டு. திருமணமாயினும், பூப்பு நீராட்டாயினும், குடிபுகுதலாயினும், இன்று நம் கிராமங்களிலே பலர் தம் கையிருப்பைப் பார்த்துச் செலவு செய்வதில்லை. அயலார் செய்த செலவைப் பார்த்தே செய்கின்றனர். மண்டபம், ஒளிப்பதிவு, ஊர்வலம் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடுகின்றன. அடகு வைத்த தாலிக்கொடியோ ஆண்டுக் கணக்கிலே மீளுவதில்லை. வாரந்தோறும் தவணை வாங்க வருபவரின் மோட்டார்ச் சைக்கிள் ஓசை கேட்டால் தாய்மார் முகம் வாடுவதை நீங்கள் அறிவீர்கள். வறட்சியால் நலிந்த மாவட்டங்களிலே பெண்கள் பட்ட சிறு கடன்களுள் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய 2018ஆம் ஆண்டிலே அரசே முன்வர வேண்டியதாயிற்று.

இங்கே ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். அக்கடன்கள் எல்லாம் ஆடம்பரத்தால் வந்தவை என்று நான் கூறவில்லை. அப்படிக் கூறுவது பெரும்பிழை. போரிலே கணவனை இழந்தவள் பிள்ளைக்குப் பால்மா வாங்கக் கடன் பட்டிருப்பாள். மழை பொய்த்தமையால் வேளாண்மை கருகியவன் அடுத்த போக விதைநெல்லுக்குக் கடன் பட்டிருப்பான். இவர்களிடம் போய் "ஆசையை அடக்குங்கள்" என்று போதிப்பவன் இரக்கமற்றவன். தேவைக்குப் பட்ட கடன் வேறு. பொறாமைக்குப் பட்ட கடன் வேறு. முதலாவது கடனைத் தீர்க்கச் சமுதாயம் கைகொடுக்க வேண்டும். இரண்டாவது கடன் பிறவாமல் நாமே நம் மனத்தைக் காக்க வேண்டும். இவ்வேறுபாட்டை மறந்துவிட்டுப் பேசப்படும் மனநிறைவு வெறும் சொல்லாகவே முடியும்.

வள்ளுவப் பெருந்தகை இவ்வேறுபாட்டை நன்கு அறிந்தவர். அவருடைய நூலின் அமைப்பைச் சற்றே நோக்குங்கள். பிறர் ஆக்கம் கண்டு பொறாமைப்படாதே என்று கூறும் அழுக்காறாமை 17ஆம் அதிகாரம். பிறர் பொருளை விரும்பாதே என்று கூறும் வெஃகாமை 18ஆம் அதிகாரம். இவ்விரண்டும் இல்லறவியலிலே உள்ளன. ஆசையையே வேரோடு களைக என்று கூறும் அவாவறுத்தலோ 37ஆம் அதிகாரம். அது துறவறவியலின் முடிவிலே நிற்கின்றது. இதன் பொருள் யாது? மனைவி மக்களோடு வாழும் ஒருவனை நோக்கி, "ஆசையே கொள்ளாதே" என்று அவர் கட்டளையிடவில்லை. "பிறனைப் பார்த்து எரியாதே, பிறன் பொருளுக்கு ஏங்காதே" என்று மட்டுமே கேட்கின்றார். அதுமட்டுமோ? பொருள் செயல்வகை என்று ஓர் அதிகாரம் வகுத்து, பொருளை நல்வழியில் ஈட்டுக என்கின்றார். நல்குரவு என்று இன்னோர் அதிகாரம் வகுத்து, வறுமையின் கொடுமையைச் சொல்கின்றார். வறுமையை அவர் எங்கும் அழகுபடுத்திக் காட்டவில்லை.

நம் சைவப் பெரியோர் வரலாறும் இதையே காட்டுகின்றது. திருநாவுக்கரசு நாயனார் திருப்புகலூரிலே உழவாரப் பணி செய்துகொண்டிருந்தபோது, மண்ணிலே பொன்னும் மணியும் கிடந்து ஒளிர்ந்தன. அவர் அவற்றைப் பருக்கைக் கற்களோடு சேர்த்து வாரி வாவியிலே எறிந்தார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. இக்கதையைச் சொல்லிப் "பாருங்கள், பொன்னை வெறுத்தார்" என்று பிரசங்கத்தை முடித்துவிடுவார்கள். ஆனால் அதே நாவுக்கரசர் திருவீழிமிழலையிலே செய்தது என்ன? நாட்டிலே பஞ்சம் வந்தது. அடியவர் பசித்தனர். அப்போது அவரும் ஞானசம்பந்தரும் இறைவன் நாள்தோறும் அருளிய படிக்காசைப் பெற்று அடியவர்க்கு அமுதளித்தனர். புகலூரிலே பொன்னை எறிந்த கைதான் வீழிமிழலையிலே காசை ஏந்தியது. தனக்கென்று வந்தபோது பொன்னும் கல்லும் ஒன்று. பிறர் பசி தீர்க்க வேண்டியபோது ஒரு காசும் அருமையானது. மனநிறைவு என்னும் சொல்லுக்கு இதனைவிடத் தெளிவான உரை எனக்குக் கிடைக்கவில்லை.

புராணகாலம் வேறு, நம் காலம் வேறு என்று சில நண்பர்கள் நினைக்கலாம். அவர்களுக்காக நம் மட்டக்களப்பு மண்ணிலேயே, நம் பாட்டன்மார் கண்ணாற் கண்ட ஒருவரை எடுத்துக்காட்ட விரும்புகின்றேன். அவர் சுவாமி விபுலானந்தர்.

1892ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆம் நாள் காரைதீவிலே, சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாக அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் மயில்வாகனம். கல்முனையிலே மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும், மட்டக்களப்பிலே புனித மிக்கேல் கல்லூரியிலும் கல்வி பயின்றார். பதினாறாம் வயதிலே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிலே தேறினார். நானும் ஒரு மிஷன் பாடசாலையிலே படித்தவன். எங்களுக்கு வேதபாடம் சொன்ன உபாத்தியாயரும், எங்கள் வீட்டுத் திண்ணையிலே புராணம் படித்த பெரியவரும் பல விஷயங்களிலே வேறுபட்டார்கள். செல்வத்துக்கு அடிமையாகாதே என்னும் இந்த ஒன்றிலே மட்டும் இருவர் குரலும் ஒன்றாகவே இருந்தது. மிஷன் பாடசாலையிலே ஆங்கிலம் கற்றவன் உத்தியோகம் தேடிப் போவான், ஊரை மறப்பான் என்பது அக்காலத்தார் எண்ணம். மயில்வாகனனாரின் வாழ்வு அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கிற்று.

அவர் சோம்பேறியாக இருந்து "போதும்" என்று சொன்னவரல்லர். கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்றார். தொழில்நுட்பக் கல்லூரியிலே சேர்ந்து விஞ்ஞானம் பயின்று, 1916ஆம் ஆண்டிலே அதற்குரிய டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டிலே மதுரைத் தமிழ்ச்சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞானம் கற்பித்தார். 1920ஆம் ஆண்டிலே இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். ஆங்கிலேயர் ஆட்சிக் காலம் அது. விஞ்ஞானப் பட்டம் பெற்ற தமிழர் விரல்விட்டு எண்ணத்தக்கவராய் இருந்த காலம். இருபத்தெட்டு வயதிலே அவர் முன்னே உயர்ந்த உத்தியோகம், சம்பளம், மரியாதை எல்லாம் வழிவிட்டு நின்றன.

1922ஆம் ஆண்டிலே அவர் அவற்றை விட்டார். சென்னை மயிலாப்பூரிலே இராமகிருஷ்ண மடத்தை அடைந்து பிரமசரிய தீட்சை பெற்றுப் பிரபோத சைதன்யர் ஆனார். 1924ஆம் ஆண்டிலே சிவானந்த சுவாமிகளிடம் துறவு பெற்று விபுலானந்தர் ஆனார். பின்னர் நாடு திரும்பினார். கிழக்கிலும் வடக்கிலும் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை வளர்க்கும் பாரத்தைத் தோளிலே ஏற்றார். 1929ஆம் ஆண்டிலே கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயம் எழுந்தது.

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டும். தமக்கென்று ஒரு காணி, ஒரு வீடு வேண்டாதவர், ஊர்ப் பிள்ளைகளுக்கென்று கட்டடம் வேண்டும், ஆசிரியர் வேண்டும், ஆய்வுகூடம் வேண்டும் என்று ஓயாது அலைந்தார். "ஏழைப் பிள்ளைகள் கிடைத்த படிப்போடு திருப்தியடையட்டும்" என்று அவர் சொன்னாரா? இல்லை. தமக்குக் குறைவு போதும் என்றார். பிறர்க்கு நிறைவு வேண்டும் என்றார். இவ்விரண்டையும் தலைகீழாக மாற்றி, தமக்கு நிறைவையும் பிறர்க்குப் போதுமென்ற உபதேசத்தையும் வைத்துக்கொள்பவர்கள்தாம் நான் தொடக்கத்திலே சொன்ன கூட்டத்தார்.

1931ஆம் ஆண்டிலே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. ஒரு தமிழறிஞருக்கு அதனைவிடப் பெரிய இருக்கை அக்காலத்திலே எது? துறவியாதலால் சம்பளப் பணம் அவர் பெயரிலே சேர்ந்து கிடக்கவில்லை. இங்குள்ள பிள்ளைகளின் கல்விக்கே அது பயன்பட்டதென்று நம் பெரியோர் கூறக் கேட்டிருக்கின்றோம். பல்கலைக்கழக வேலை முடிந்த பின்னர், அருகிலுள்ள திருவேட்களத்திலே ஒடுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த சேரிக்குச் சென்று அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். பகலிலே பேராசிரியர், மாலையிலே அரிச்சுவடி உபாத்தியாயர். இவற்றுள் எது பெரிய பதவி என்று அவர் தராசு பிடித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1933ஆம் ஆண்டிலே அவ்விருக்கையையும் விட்டு மீண்டும் பணிக்குத் திரும்பினார். பின்னர் 1943ஆம் ஆண்டிலே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அழைக்கப்பட்டார்.

பொருளை விட்டவர் பலர் உண்டு. புகழை விட்டவர் சிலரே. உண்பதையும் உடுப்பதையும் குறைத்துக்கொண்ட ஒருவர், "நான் எவ்வளவு எளியவன் பாருங்கள்" என்று தம் எளிமையையே மேடையேற்றக் கூடும். விபுலானந்தர் புகழை எப்படி நடத்தினார் என்பதற்கு யாழ் நூலே சான்று. மறைந்துபோன பழந்தமிழ் யாழ் எப்படி இருந்தது, அதன் நரம்புகள் எவ்வாறு இசைத்தன என்பதை இலக்கியத்தாலும் கணிதத்தாலும் பௌதிகத்தாலும் ஆராய்ந்து ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் உழைத்தார். இடையிடையே பாடசாலை, பத்திரிகை, இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆசிரம வாழ்வு, நோய் எல்லாம் வந்தன. புகழுக்காக எழுதுபவர் பதினான்கு ஆண்டு பொறுத்திருப்பாரா? பாதியிலேயே நான்கு நூலாக்கி வெளியிட்டிருப்பார். 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே, கரந்தைத் தமிழ்ச் சங்கத்தாரின் ஆதரவோடு, திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே யாழ் நூல் அரங்கேறியது. இரண்டு மாதம் நிறையுமுன், ஜூலை 19ஆம் நாள் அவர் கொழும்பிலே மறைந்தார். அந்நூலின் புகழை இருந்து அனுபவிக்க அவருக்குக் காலம் இருக்கவில்லை. வேலை முடிந்ததா என்பதே அவர் கேள்வியாயிருந்தது, வேலை முடிந்தது. இன்று கல்லடி உப்போடையிலே, தாம் எழுப்பிய வித்தியாலயத்தின் மண்ணிலேயே அவர் துயில்கின்றார்.

மீண்டும் வள்ளுவரை நினைவூட்டுகின்றேன். புகழ் என்னும் அதிகாரம் எங்கே இருக்கின்றது? 22 ஒப்புரவறிதல், 23 ஈகை, 24 புகழ். ஊருக்கு உதவுதலும் இல்லாதவர்க்குக் கொடுத்தலும் முன்னே செல்கின்றன; புகழ் பின்னே வருகின்றது. ஈகையின் நிழல் போலப் புகழ் தொடரும். நிழலைப் பிடிக்க ஓடுபவன் அதைப் பிடிப்பதில்லை. தன் வழியிலே நடப்பவனை அது தானே பின்தொடர்கின்றது.

இனி, என் நண்பர்கள் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. "அவர் துறவி. நாங்கள் தங்கைக்குச் சீதனம் தேட வேண்டியவர்கள். தாய்க்கு மருந்து வாங்க வேண்டியவர்கள். எங்களுக்கு அவர் எப்படி வழிகாட்டி?" நேர்மையான கேள்வி. காவி உடுக்குமாறு நான் யாரையும் கேட்கவில்லை. வள்ளுவர் இல்லறத்தானிடம் கேட்ட இரண்டை மட்டுமே கேட்கின்றேன்: பொறாமைப்படாமை, பிறர் பொருளுக்கு ஏங்காமை. நம் ஊரிலே அப்படி வாழ்பவர்கள் இல்லையா? கரைவலை இழுக்கும்போது பாருங்கள். கயிற்றைப் பிடித்தவர் எல்லாருக்கும் பங்கு உண்டு. ஓடிவந்து கைகொடுத்த சிறுவனுக்கும் ஒரு கை மீன் உண்டு. களவெட்டியிலே நெல் தூற்றுபவர் "பொலி, பொலி" என்று பாடுகின்றார். "குறைந்தது" என்னும் சொல்லை அங்கே சொல்ல மாட்டார். என் அம்மம்மா தன் வளவிலே ஒரு முருங்கை, ஒரு தேசி, நாலு வாழை வைத்திருக்கின்றார். கறிக்கு வேண்டியது போக மிஞ்சியதை வேலிக்கு மேலாக அயல்வீட்டுக்குக் கொடுப்பதிலேதான் அவருக்கு நாள் முழுதும் மகிழ்ச்சி. இவர்கள் மனநிறைவு பற்றிப் பிரசங்கம் செய்ததில்லை, வாழ்ந்து காட்டுகின்றார்கள்.

2022ஆம் ஆண்டை மறந்துவிட்டோமா? நாடு தன் வெளிநாட்டுக் கடனைத் தீர்க்க இயலவில்லை என்று அறிவித்தது. மண்ணெண்ணெய் இன்றி மீனவரின் வள்ளங்கள் கரையிலே கிடந்தன. எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையிலே நின்றோம். அந்நாட்களிலே யார் தாங்கி நின்றார்கள்? வளவிலே நாலு மரவள்ளி நட்டவர்கள், விறகடுப்பை இடித்துவிடாதவர்கள், அயலாரோடு பகையாதவர்கள் தாங்கி நின்றார்கள். எளிமை அன்று ஓர் அலங்காரச் சொல்லாக இருக்கவில்லை, சோறாக இருந்தது. அதற்கு முன்னர், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்து வந்ததை இங்குள்ள பெரியோர் நேரிலே கண்டவர்கள். என் வயதினர் அன்று கைக்குழந்தைகள் அல்லது பிறவாதவர்கள். அலை கல்வீட்டையும் ஓலைக் குடிலையும் தேர்ந்து பார்க்கவில்லை என்று நீங்கள் சொல்ல நாங்கள் கேட்டிருக்கின்றோம். எல்லாம் போன அன்றும் எஞ்சி நின்றது, ஒருவர் இன்னொருவர்க்குக் கொடுத்த கஞ்சிதான் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பாடத்தை எங்களுக்கு மறக்க விடாதீர்கள்.

உலகத்தார் அனுபவமும் இதற்கு மாறானதன்று. அமெரிக்காவிலே தோரோ என்னும் அறிஞர் 1845ஆம் ஆண்டிலே வோல்டன் என்ற குளக்கரையிலே தம் கையாலேயே சிறு குடில் ஒன்று கட்டி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்தார். குடிலுக்கு ஆன செலவு 28 டொலர் 12½ சதம் என்று கணக்கும் எழுதி வைத்தார். அவர் கற்பித்த கணக்கு ஒன்று உண்டு. ஒரு பொருளின் விலையைப் பணத்தால் அளக்காதே. அதற்காக உன் வாழ்நாளில் எத்தனை நாளைக் கொடுக்கின்றாய் என்று அள என்பதே அதன் சாரம். இக்கணக்கை நம் ஊரிலே போட்டுப் பாருங்கள். புதிய கைத்தொலைபேசி ஒன்றின் விலை, தந்தை எத்தனை இரவு கடலிலே விழித்திருந்ததற்குச் சமம்? ஒரு நாள் ஊர்வலத்தின் விலை, தாய் மத்திய கிழக்கிலே பணிப்பெண்ணாக எத்தனை மாதம் தன் பிள்ளையைக் காணாதிருந்ததற்குச் சமம்? இப்படி எண்ணினால் பல பொருட்களின் விலை நம்மை நடுங்கச் செய்யும். சில பொருட்களோ, புத்தகமும் மருந்தும் போல, எத்தனை நாள் கொடுத்தாலும் தகும் என்று தோன்றும்.

ஈஸ்டர்லின் என்னும் பொருளியலறிஞர் 1974ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆராய்ச்சியும் சிந்திக்கத் தக்கது. ஒரு நாட்டுக்குள்ளே செல்வர் வறியவரைவிட மகிழ்ச்சியாயிருப்பதாகச் சொல்கின்றனர். ஆனால் அமெரிக்க நாடு முழுவதும் செல்வத்திலே உயர்ந்தபோது அந்நாட்டார் மகிழ்ச்சி அதற்கேற்ப உயரவில்லை என்று அவர் கண்டார். மனிதர் தம் செல்வத்தை அயலாரின் செல்வத்தோடு ஒப்பிட்டே அளக்கின்றனர் என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. அவர் முடிபை மறுத்துரைத்த அறிஞரும் உளர். எனினும் எல்லாரும் ஒரு சாண் உயர்ந்தால் யாரும் உயர்ந்ததாக எண்ணார் என்பது, நம் வேலியோரத்திலே நாம் நாளும் காணும் உண்மையன்றோ?

வெளிநாடு செல்லாதீர்கள் என்று நான் சொல்ல வருகின்றேனோ என்று சிலர் ஐயுறலாம். என் வகுப்புத் தோழர் பலர் கையிலே இன்று கடவுச்சீட்டு இருக்கின்றது. கல்விக்காகப் போகட்டும், குடும்பத்தின் பசி தீர்க்கப் போகட்டும், அதிலே இழிவில்லை. போகுமுன் ஒரு கேள்வியை மட்டும் தம்மிடமே கேட்கட்டும்: "நான் ஒரு தேவைக்காகப் போகின்றேனா, அல்லது ஒருவன் போய்விட்டான் என்பதற்காகப் போகின்றேனா?" பொறாமையைத் தோணியாக்கி, தந்தையின் காணியை ஈடு வைத்துக் கடல் கடப்பவன் எந்தக் கரையில் இறங்கினாலும், தன்னைவிட முன்னே இறங்கியவன் ஒருவன் அங்கே நிற்பான்.

இவ்வுரை வெறும் பேச்சாக முடியாதிருக்க, மன்றத்தாரிடம் மூன்று விண்ணப்பங்கள் வைக்கின்றேன்.

முதலாவது, நம் மன்ற உறுப்பினர் வீட்டுச் சடங்குகளைக் கையிருப்புக்கு மேலே ஒரு சதமும் கடன் படாமல் நடத்துவது என்று நாம் உறுதி செய்துகொள்வோம். பந்தலிடுவது, தோரணம் கட்டுவது, சமைப்பது, பரிமாறுவது எல்லாவற்றுக்கும் மன்றத்து இளைஞர் கைகொடுப்போம். ஒருவர் தனித்து எளிமையாகச் செய்தால் "கஞ்சன்" என்பார்கள். இருபது குடும்பம் சேர்ந்து செய்தால் அது ஊர் வழக்கமாகிவிடும்.

இரண்டாவது, வாரத்திலே இரண்டு மாலை நம்மிலே படித்தவர்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிப் பாடம் சொல்லிக் கொடுப்போம். திருவேட்களத்துச் சேரியிலே ஒரு பேராசிரியர் செய்த வேலையைச் செய்ய நமக்கு என்ன குறைவு? பிறர் பிள்ளையின் முன்னேற்றத்தைத் தன் கையால் செய்து பார்த்தவனுக்குப் பிறர் முன்னேற்றம் கண்டு பொறாமை வருவதில்லை. அழுக்காறு என்னும் நோய்க்கு இதுவே கைகண்ட மருந்து.

மூன்றாவது விண்ணப்பம் பெரியோர்களுக்கு. சிறியவன் சொல்கின்றான் என்று கோபியாதீர்கள். நாங்கள் வீட்டுக்கு வரும்போது, "அவருடைய மகன் இலண்டனில் வீடு வாங்கிவிட்டான், நீ என்ன செய்கின்றாய்?" என்று கேட்காதீர்கள். "இன்று யாருக்கு என்ன உதவி செய்தாய்? புதிதாக என்ன படித்தாய்?" என்று கேளுங்கள். நீங்கள் எந்தக் கோலால் எங்களை அளக்கின்றீர்களோ, அந்தக் கோலைக் கொண்டே நாங்கள் வளர்வோம். சம்பளத்தால் அளந்தால் சம்பளத்தையே தேடுவோம். குணத்தால் அளந்தால் குணத்தைத் தேடுவோம்.

அன்பர்களே! எளிய வாழ்வு என்பது ஏழ்மையைச் சகித்துக் கிடப்பதன்று. உரிய கூலியைக் கேட்பதும், பிள்ளைக்கு நல்ல பாடசாலை வேண்டுமென்று வாதாடுவதும், கடலிலே தோணி விடும் உரிமையைக் காப்பதும் மனநிறைவுக்கு முரணானவையல்ல. நிறைந்த மனம் உடையவனே அஞ்சாமல் கேட்பான்; ஏனெனில் அவனை விலைக்கு வாங்க எவராலும் இயலாது. தன் தேவையைச் சுருக்கியவன் தன் விடுதலையைப் பெருக்கிக்கொள்கின்றான். அந்த விடுதலையைப் பிறர் நன்மைக்குச் செலவிடுவதே நம் மண்ணிலே பிறந்த அப்பெரியார் காட்டிய வழி.

அவ்வழியிலே பேராசிரியராகவோ, துறவியாகவோ நாம் ஆகாமற் போகலாம். உபாத்தியாயராகவோ, எழுதுவினைஞராகவோ, விடுதியிலே பரிமாறுபவராகவோ, வலை இழுப்பவராகவோ இருப்போம். எந்தத் தொழிலானாலும் அயலான் தட்டை எட்டிப் பார்க்காமல் நம் தட்டிலே உள்ளதை நன்றியோடு உண்போம். உண்ணுமுன் பக்கத்திலே பசித்தவன் இருக்கின்றானா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம். அந்த மனத்தை எல்லாம் வல்ல இறைவன் நம் மன்றத்தார் அனைவர்க்கும் அருள வேண்டும் என்று வேண்டி அமைகின்றேன்.